வயதான பெற்றோரிடம் பணம் கேட்டு வரும் கடிதம், போன், பார்சல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ துபாயிலோ இருக்க, அப்பா அம்மா மட்டும் ஊரில் இருக்கும் வீடுகளில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. சொல்லியிருக்கும் எண்களும் விதிகளும் இந்தியாவுக்கு உரியவை.

அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஊரே அவரிடம்தான் யோசனை கேட்கும். அவரெல்லாம் ஏமாறுவாரா?

அவரைத்தான் முதலில் தேடுவார்கள். படிப்பறிவு குறைந்தவர்தான் ஏமாறுவார் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஓய்வுபெற்ற அரசு ஊழியரிடம் பணிக்கொடை வைப்புநிதியாகக் கிடக்கிறது, மாதாமாதம் பென்ஷன் வருகிறது. அதைவிட முக்கியம், வாழ்நாள் முழுக்க மெமோவுக்கும் சர்க்குலருக்கும் உடனே பதில் எழுதிப் பழகியவர் அவர். அரசு முத்திரை போட்ட தாளைப் பார்த்தால் எழுந்து நிற்கிற தலைமுறை. "நோட்டீஸ் வந்திருக்கிறது, இன்றே கட்ட வேண்டும்" என்றால் கட்டுவதுதான் நேர்மை என்று நினைப்பார். மோசடிக்காரன் நம்பியிருப்பது அவருடைய முட்டாள்தனத்தை இல்லை, அவருடைய ஒழுங்கை.

அதனால் "யாரையும் நம்பாதீங்க" என்று பொதுவாகச் சொல்லி வைப்பதில் பயன் இல்லை. அவர் யாரையும் நம்பவில்லை, அரசாங்கத்தைத்தான் நம்பினார். அதற்குப் பதிலாக வீட்டில் ஒரே ஒரு வழக்கத்தை ஏற்படுத்துங்கள்: புதிதாக யார் பணம் கேட்டாலும், எவ்வளவு கேட்டாலும், அன்றைக்குக் கொடுப்பதில்லை. ஒரு ராத்திரி தாண்டட்டும், வீட்டில் இன்னொருவர் காதில் விழட்டும். நாளை கட்டினால் ஆகாது என்று சொல்லும் உண்மையான பாக்கி அநேகமாக எதுவுமே கிடையாது. கீழே வரும் பதில்கள் பலவற்றிலும் இதுதான் திரும்ப வரும்.

ஆர்டர் செய்யாத பார்சல் வருகிறது. "499 ரூபாய் கொடுங்கம்மா" என்கிறார் டெலிவரிக்கு வந்தவர். அம்மாவும் கொடுத்துவிடுகிறார்.

ஏன் கொடுக்கிறார்? மகன் ஏதோ அனுப்பியிருக்கிறான் என்று நினைக்கிறார். வெயிலில் வந்து நிற்கிற பையனைத் திருப்பி அனுப்பவும் மனசு வராது. உள்ளே பார்த்தால் பத்து ரூபாய் கூடப் பெறாத பிளாஸ்டிக் சாமான். தொகையை 399, 499, 599 என்று வைப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. போனால் போகட்டும் என்று விட்டுவிடுகிற தொகை அது, யாரும் புகார் கொடுக்கப் போவதில்லை.

இது புதுசும் இல்லை. பத்திரிகை விளம்பரம் பார்த்து டிரான்சிஸ்டருக்கு வி.பி.பி.யில் (தபால்காரரிடம் பணம் கொடுத்துப் பார்சலை வாங்கும் முறை) பணம் கட்டி, பிரித்தால் செங்கல் இருந்த கதை உங்கள் அப்பாவுக்கே தெரிந்திருக்கும். அதை நினைவுபடுத்திப் பேச்சைத் தொடங்கினால் பாடம் எடுப்பது போல இருக்காது.

செய்ய வேண்டியது சுலபம். வீட்டுக்கு எது ஆர்டர் செய்தாலும் முன்பணம் கட்டியே ஆர்டர் செய்யுங்கள், "நான் அனுப்பும் எதற்கும் வாசலில் காசு கொடுக்க வேண்டியிருக்காது" என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். அப்புறம் வாசலில் காசு கேட்டு வரும் எல்லாமே வேண்டாத பார்சல்தான், திருப்பி அனுப்பலாம். "கேன்சல் செய்ய ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க" என்று கேட்டால் அதையும் சொல்லக் கூடாது. வாங்க மறுப்பதற்கு ஓடிபி எதற்கு? டெலிவரிக்கு வருபவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பெரும்பாலும் தெரியாது. அவரோடு சண்டை வேண்டாம். ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால் மேலே ஒட்டியிருக்கும் சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். 499 ரூபாய்க்கா என்று தோன்றும். பதியுங்கள்.

"உங்களுக்குக் கார் விழுந்திருக்கிறது" என்று தபாலில் சுரண்டும் அட்டை வந்திருக்கிறது. பெயர், முகவரி எல்லாம் சரியாக இருக்கிறதே?

எப்போதோ டிவியில் பார்த்து எதையோ வாங்கியிருப்பார்கள், அந்த முகவரிப் பட்டியல் கைமாறியிருக்கும். சுரண்டினால் பரிசு நிச்சயம் விழும், எல்லா அட்டையிலும் விழும். பிறகு வரி, பதிவுக் கட்டணம் என்று கேட்பார்கள். பரிசுக்கு முன்பணம் கேட்டாலே பொய், இதில் யோசிக்க எதுவும் இல்லை.

கோயில், அன்னதானம், முதியோர் இல்லம், நோயாளிக் குழந்தை என்று நன்கொடைக் கடிதங்கள் குவிகின்றன. அம்மா எல்லாவற்றுக்கும் அனுப்புகிறார்.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும். எல்லாக் கடிதமும் மோசடி இல்லை, கொடுப்பது அம்மாவின் உரிமையும் கூட. ஆனால் விபூதியும் குங்குமமும் ஒரு பொட்டலத்தில் வைத்து அனுப்பினால் அதைக் குப்பையில் போட அவருக்குக் கை வராது. பிரசாதத்தை வாங்கிக்கொண்டு ஒன்றும் கொடுக்காமல் இருப்பது பாவம் என்று தோன்றும். "இதைப் பத்துப் பேருக்கு எழுதி அனுப்பாவிட்டால் கெடுதல் வரும்" என்று ஒரு காலத்தில் அஞ்சலட்டைகள் சுற்றினவே, அதே பயம்தான் இப்போது ரசீதுப் படிவத்தோடு வருகிறது.

ஒரு இடத்துக்கு அனுப்பினால் அடுத்த மாதம் வேறு மூன்று இடங்களிலிருந்து வரும். கொடுப்பவர் என்று ஒருமுறை பட்டியலில் ஏறிய பெயர் சுலபத்தில் இறங்காது. "கொடுக்காதே" என்று தடுப்பதைவிட, வருஷத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை அம்மாவே முடிவு செய்யட்டும். அதை நேரில் பார்த்த இரண்டு மூன்று இடங்களுக்கு, உள்ளூர்க் கோயிலுக்கோ பழகிய இல்லத்துக்கோ, கொடுக்கட்டும். மற்ற கடிதங்களுக்கு "இந்த வருஷத்துக்குக் கொடுத்தாச்சு" என்று சொல்லிக்கொள்ள அவருக்கே ஒரு பதில் கிடைக்கும். தெரியாத இடத்திலிருந்து வரும் நன்கொடை உறையைப் பிரிக்காமல், வாங்க மறுப்பதாக எழுதித் தபால்காரரிடமே திருப்பிக் கொடுக்கலாம். பிரித்துவிட்டால் விபூதியைப் பூசிக்கொள்ளட்டும், அதற்குக் கடன் ஒன்றும் இல்லை.

பேசாமல் எந்தக் கடிதத்தையும் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

கூடாது. நீதிமன்ற சம்மன், வக்கீல் நோட்டீஸ், சொத்துவரி பாக்கி, வங்கிக் கடிதம் எல்லாம் தபாலில்தான் வரும். சரியான முகவரிக்கு வந்த நோட்டீஸை வாங்க மறுத்தால், பொதுவாக அது கைக்குச் சேர்ந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். நாள் அதுபாட்டுக்கு ஓடும். காசோலை திரும்பிய வழக்கில் நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து பணம் கட்ட 15 நாள்தான். அதனால் கையெழுத்துக் கேட்டு வரும் கடிதத்தை வாங்கச் சொல்லுங்கள், படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போடச் சொல்லுங்கள். பதிவுத் தபால் என்றால் முக்கியமானது என்று பெரியவர்கள் அடையாளம் வைத்திருப்பார்கள். 2025-இல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள் என்பதையும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

வக்கீல் நோட்டீஸ் என்பது நீதிமன்ற உத்தரவு அல்ல. பதில் சொல்ல வேண்டிய கடிதம், அவ்வளவுதான். வருமான வரி நோட்டீஸ் என்றால் அதில் ஆவண எண் இருக்கும், துறையின் இணையதளத்தில் அதைப் போட்டு உண்மையா என்று பார்த்துவிடலாம்.

"இன்று இரவு 9.30-க்கு கரண்ட் கட்" என்று மெசேஜ் வந்தது.

பொய். தமிழ்நாட்டில் மின் கணக்கீடு எடுத்ததிலிருந்து கட்டணம் செலுத்த 20 நாள் அவகாசம் உண்டு. சந்தேகம் இருந்தால் அந்த மெசேஜில் உள்ள எண்ணைத் தொடாமல், மின்வாரியத்தின் சேவை மையமான மின்னகம் 94987 94987-க்கு அழைத்துக் கேளுங்கள். போக்குவரத்து அபராதம், கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகளும் (போனில் செயலியை நிறுவும் கோப்புகள்) இதே ரகம்தான். தொட்டு நிறுவினால் போனுக்கு வரும் ஓடிபி எல்லாம் அவர்கள் கைக்குப் போய்விடும். பத்திரிகை வைப்பவர் போனில் ஒரு வார்த்தையாவது சொல்லாமலா வைப்பார்?

"டிஜிட்டல் அரெஸ்ட்" என்றால் என்ன? அப்படிச் சட்டம் இருக்கிறதா?

இல்லை. இந்தியாவில் எந்தச் சட்டத்திலும் அப்படி ஒரு கைது கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று மன் கீ பாத் வானொலி உரையில் பிரதமரே இதைச் சொன்னார். ஆனாலும் நடந்துகொண்டே இருக்கிறது. 2025-இல் ஹரியானாவின் அம்பாலாவைச் சேர்ந்த வயதான தம்பதி, ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழந்துவிட்டு உச்ச நீதிமன்றத்துக்கே கடிதம் எழுதினார்கள். அவர்களிடம் காட்டப்பட்டது உச்ச நீதிமன்றத்தின் பெயரிலேயே தயாரித்த போலி உத்தரவு. நீதிமன்றம் அதைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்து, பிறகு இந்த வகை மோசடிகளை விசாரிக்க சிபிஐயிடம் ஒப்படைத்தது.

நடக்கும் விதம் தெரிந்தால் பாதி பயம் போய்விடும். முதலில் கூரியர் நிறுவனம் அல்லது டெலிகாம் அலுவலகம் என்று ஒருவர் பேசுவார். உங்கள் ஆதாரில் அனுப்பிய பார்சலில் போதைப்பொருள், அல்லது உங்கள் பெயரில் ஒரு சிம் தவறாகப் பயன்பட்டிருக்கிறது என்பார். உடனே "போலீஸ் அதிகாரி"க்கு இணைப்பு மாறும். வீடியோவில் சீருடை, பின்னால் காவல் நிலையம் மாதிரி ஓர் அறை. "கேமராவை அணைக்கக் கூடாது, பிள்ளைகளிடம் சொன்னால் அவர்களும் மாட்டுவார்கள்." மொத்தக் கதையின் உயிரும் இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இருக்கிறது. மணிக்கணக்கில், சில வழக்குகளில் நாள்கணக்கில், ஒரு மனிதரை வேறு யாரோடும் பேசவிடாமல் வைத்திருக்கிறார்கள். பிறகு "சரிபார்ப்பதற்காக" என்று வைப்புநிதியை உடைத்து ஒரு கணக்குக்கு அனுப்பச் சொல்வார்கள்.

அப்பாவிடம் சொல்ல வேண்டியது இதுதான்: "உங்கள் மேல் கொலை வழக்கே இருந்தாலும் எங்களிடம் சொல்லலாம். நாங்கள் மாட்டிக்கொண்டால் பரவாயில்லை." சிரிப்பார். சொல்லி வையுங்கள். உண்மையான கைது நேரில்தான் நடக்கும், யாரைக் கைது செய்தாலும் உறவினருக்குத் தெரிவிக்க வேண்டியது போலீஸின் கடமை. யாரிடமும் சொல்லாதே என்பவர் போலீஸ் இல்லை.

வங்கிக் கிளைக்கும் ஒருமுறை போய் வாருங்கள். வைப்புநிதியை அவசரமாக உடைக்க வந்த பெரியவரின் முகத்தைப் பார்த்தே சந்தேகப்பட்டு, கவுன்ட்டரில் இருப்பவர்கள் பணத்தைக் காப்பாற்றிய சம்பவங்கள் பல ஊர்களில் நடந்திருக்கின்றன. மேலாளருக்கு உங்கள் எண் தெரிந்திருந்தால் நல்லது.

அப்பா இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கிரெடிட் கார்டு பாக்கி, தனிநபர் கடன் என்று அம்மாவுக்கு போன் வருகிறது. அம்மா கட்ட வேண்டுமா?

முதலில், அம்மா போனில் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம், எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். "என் மகனிடம் பேசுங்கள், எழுத்தில் அனுப்புங்கள்" என்று மட்டும் சொல்லட்டும். பேசுவது வங்கியின் ஆளா, இரங்கல் செய்தி பார்த்து அழைக்கும் மோசடிக்காரனா என்பதே இன்னும் தெரியாது.

கடன் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். இறந்தவரின் கடனுக்கு வாரிசுகள் பொறுப்பாவது அவர் விட்டுச்சென்ற சொத்து அவர்கள் கைக்கு வந்த அளவுக்கு மட்டுமே. அம்மா கூட்டுக் கடனாளியாகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்துப் போடாதவரை, தன் சொந்தப் பணத்திலிருந்து, தன் நகையை விற்று, கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. அரசு ஓய்வூதியத்தைக் கடனுக்காக நீதிமன்றம்கூட ஜப்தி செய்ய முடியாது. "பென்ஷனை நிறுத்திவிடுவோம்" என்று மிரட்டினால் அது வெறும் மிரட்டல்தான்.

அடுத்து, அந்தக் கடனுக்குக் காப்பீடு எடுத்திருந்தாரா என்று கேளுங்கள். கடன் கொடுக்கும்போது பிரீமியத்தைச் சேர்த்துப் பிடித்திருப்பார்கள், அது வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. இருந்தால் அந்தக் கடனை முழுதாகவோ பகுதியாகவோ காப்பீடே அடைக்கும். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. துக்க வீட்டில் மீறுவார்கள். நேரத்தைக் குறித்து வைத்து, முதலில் அந்த வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தகவலுக்கு 14448.

கேட்காமலே கிரெடிட் கார்டு வந்திருக்கிறது, பில்லும் வருகிறது.

கேட்காத கார்டு கொடுப்பதை ரிசர்வ் வங்கி தடை செய்திருக்கிறது. சம்மதமில்லாமல் கார்டைச் செயல்படுத்தி பில் போட்டிருந்தால், அந்தக் கட்டணத்தை ரத்து செய்வதோடு அதைப் போல இரண்டு மடங்கு அபராதமும் வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும். இந்த ஒரு வரியைப் புகாரில் எழுதினாலே பேச்சின் தொனி மாறும். பில் வரவில்லை, கார்டு மட்டும் வந்திருக்கிறது என்றால் ஓடிபி எதுவும் சொல்லாமல் விடுங்கள். 30 நாளுக்கு மேல் செயல்படுத்தாத கார்டுக்கு அவர்கள் மறுபடி சம்மதம் கேட்க வேண்டும், கிடைக்காவிட்டால் கட்டணமின்றி மூட வேண்டும்.

எஃப்.டி. போடப் போன அப்பாவுக்கு இன்சூரன்ஸ் பாலிசியைக் கட்டிவிட்டார்கள்.

பாலிசி ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், சிறிய பிடித்தங்கள் போகப் பணம் திரும்பும். மின்னஞ்சலில் வந்திருந்தாலும் வந்ததுதான், அதனால் அப்பாவின் மின்னஞ்சலையும் பாருங்கள். நாள் தாண்டிவிட்டால் காப்பீட்டு ஆணையத்தின் 155255 எண்ணில் புகார் செய்யலாம். "உங்கள் பழைய பாலிசிக்கு போனஸ் நிற்கிறது, ஆணையத்திலிருந்து பேசுகிறோம்" என்று வரும் அழைப்பு முழுப் பொய். ஆணையம் பாலிசி விற்பதும் இல்லை, போனஸ் தருவதும் இல்லை.

விளம்பர அழைப்புகளையே நிறுத்த முடியாதா?

ஓரளவு முடியும். ஸ்டார்ட் என்பதை ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு 0 போட்டு 1909-க்கு குறுஞ்செய்தி அனுப்பினால் பதிவுபெற்ற விளம்பரங்கள் நிற்கும். மோசடிக்காரன் எந்தப் பட்டியலையும் பார்த்துவிட்டு அழைப்பதில்லை என்பதால் அவனுக்கு இது தடையாகாது. பதிவுபெற்ற விளம்பர அழைப்பு 140 என்று தொடங்கும். வங்கிகளின் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்களை ஒதுக்கியிருக்கிறார்கள். "வங்கியிலிருந்து பேசுகிறோம்" என்று சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து வந்தால் துண்டித்துவிடலாம். அப்பாவின் போனில், பெயர் பதிந்திருக்கும் எண்களுக்கு மட்டும் மணி அடிக்கும்படி வைப்பதும் ஒரு வழி. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்தும் கேஸ் ஏஜென்சியிலிருந்தும் வரும் அழைப்பு தவறிப்போகும். அவர் சம்மதித்தால் மட்டும் செய்யுங்கள்.

ஆயுள் சான்றுக்கு "ஓடிபி சொல்லுங்கள், இல்லையென்றால் பென்ஷன் நிற்கும்" என்கிறார்கள்.

போனில் அழைத்து ஓடிபி கேட்டு ஆயுள் சான்று வாங்கும் முறை கிடையாது. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பரிலும், 80 வயது தாண்டியவர்களுக்கு அக்டோபரிலிருந்தும் இது நடக்கும் என்பதால் அந்த மாதங்களில் இந்த அழைப்புகளும் அதிகம். தபால்காரரே வீட்டுக்கு வந்து சிறு கட்டணத்தில் கைரேகை வாங்கி முடித்துத் தருவார். அவரைப் பிடித்து முதல் வாரத்திலேயே முடித்துவிட்டால், அப்புறம் யார் மிரட்டினாலும் "நான்தான் கொடுத்துட்டேனே" என்று அம்மா வைத்துவிடுவார்.

பணம் போய்விட்டது. முதலில் யாரிடம் போவது?

சைபர் மோசடி உதவி எண் 1930. உடனே, அந்த நிமிஷமே. அப்பாவைத் திட்டுவதை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கும் திட்ட வேண்டாம். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அதிலிருந்து இன்னும் பலவற்றுக்கு என்று பிரிந்து ஓடிக்கொண்டே இருக்கும். எங்கே நிற்கிறதோ அங்கேயே முடக்கத்தான் இந்த எண். பரிவர்த்தனை எண், நேரம், தொகை கையில் இருக்கட்டும். அதே கையோடு வங்கிக்கும் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். பிறகு தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் எழுத்தில் பதியுங்கள்.

வங்கியிடமிருந்து என்ன கிடைக்கும் என்பது எப்படிப் போனது என்பதைப் பொறுத்தது. 2017 ஜூலை 6 ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் யாரோ எடுத்திருந்தால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு இழப்பில்லை. ஓடிபியோ பின் எண்ணோ நாமே கொடுத்திருந்தால், தெரிவிக்கும்வரை போனது நம் கணக்கு, தெரிவித்த பிறகு போனால் வங்கியின் கணக்கு. இரண்டு வகையிலும் வேகம்தான் காசு. அதனால்தான் திட்டக் கூடாது என்கிறேன். போன தடவை திட்டு வாங்கியவர் அடுத்த தடவை மூன்று நாள் மறைப்பார்.

சில வாரம் கழித்து "போன பணத்தை மீட்டுத் தருகிறோம், ஒரு சிறு கட்டணம்" என்று ஒருவர் வருவார். அது அதே கும்பலாகவே இருக்கலாம்.

அப்பாவின் போனையும் ஏடிஎம் கார்டையும் நானே வைத்துக்கொள்ளட்டுமா?

வேண்டாம். பணத்தைப் பாதுகாக்கப் போய் மனிதரைச் சிறுபிள்ளை ஆக்கிவிடாதீர்கள். கணக்கை இரண்டாகப் பிரியுங்கள். பென்ஷனும் சேமிப்பும் ஒரு கணக்கில், அதில் யுபிஐயும் நெட் பேங்கிங்கும் வேண்டாம். மாதச் செலவுக்கு இன்னொரு சின்னக் கணக்கு, போனில் அது மட்டும். போனாலும் ஒரு மாதக் காய்கறிக் காசோடு போகும். யுபிஐ சர்க்கிள் என்று ஒரு வசதி 2024-இல் வந்தது. அதில் உங்கள் கணக்கில் அப்பாவைச் சேர்த்தால், அவர் கடையில் ஸ்கேன் செய்யும்போது உங்கள் போனில் ஒப்புதல் கேட்கும்படி வைக்கலாம். பின் எண் பணம் கொடுப்பதற்கு மட்டும்தான், வாங்குவதற்கு ஒருபோதும் தேவையில்லை என்பதை மட்டும் கேட்கும் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

மறதி நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என்ன செய்வது?

அப்போது மேலே சொன்ன நாசூக்கெல்லாம் போதாது. ஆரம்ப நிலையிலேயே, அவருக்குப் புரிந்து சம்மதிக்க முடிகிற காலத்திலேயே, கணக்குகளைக் கூட்டுக் கணக்காக மாற்றுங்கள், நியமனதாரர் பெயரைச் சரிபாருங்கள். பவர் பத்திரம் எழுதி வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கொடுத்தவர் சுயநினைவு இழந்தால் அது செல்லாமல் போய்விடும். அதற்குப் பிறகு பாதுகாவலராக நியமிக்கக் கேட்டு நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். கோமாவில் இருந்த கணவரின் சொத்தைக் கையாள மனைவிக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் அப்படி அனுமதி கொடுத்திருக்கிறது. வழி இருக்கிறது, ஆனால் வக்கீல், மருத்துவச் சான்று, மாதங்கள் என்று ஆகும். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567-க்கு அழையுங்கள். அலைச்சலைக் கொஞ்சம் குறைப்பார்கள்.